வெண்மணியில் நீ கேட்ட கேள்வி

அன்புள்ள மகளுக்கு,

கடந்த டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணி நினைவிடத்தில் நாம் இருவரும் நின்றிருந்தபோது, அங்கே பொறித்திருந்த பெயர்களை நீ ஒவ்வொன்றாக வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு வந்தாய். பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "இந்த இடத்தில் நின்றுகொண்டு அகிம்சை என்ற சொல்லை உங்களால் சொல்ல முடியுமா, பெரியப்பா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போதும் சொல்லவில்லை. உன் கேள்வியில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது என்பதால் அவசரப்பட்டு வாய் திறக்க எனக்கு மனம் வரவில்லை. உன் வயதுப் பிள்ளைகள் பலரும் இதையே கேட்கிறார்கள் என்பதால், உனக்கு மட்டும் எழுதி அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காகவும், கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததற்காகவும், ராமையா என்பவரின் குடிசைக்குள் ஓடி ஒளிந்த தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் 1968இல் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வசதி படைத்தவர்கள் தாங்களே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. அந்த மக்களை அகிம்சை காப்பாற்றவில்லை. "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே" என்று அவர்களிடம் சொல்லும் தகுதி அன்றும் எவருக்கும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. அடிபடுகிறவனிடம் போய் அகிம்சை பேசுவது அடிக்கிறவனுக்குச் செய்யும் ஊழியம். கோழைத்தனம், வன்முறை என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்றால் வன்முறையையே பரிந்துரைப்பேன் என்று 1920இல் காந்தியே எழுதியிருக்கிறார். அகிம்சையைப் பணிவு என்று சொல்லிக்கொடுத்த நம் பாடப்புத்தகங்களும் மேடைகளும் அந்த வரியை உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

அகிம்சை உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நீ வெகுதூரம் போக வேண்டாம். வெண்மணி இருந்த அதே பழைய தஞ்சை மாவட்டத்தில்தான் வேதாரண்யமும் இருந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் நூறு பேர் அளவில் திருச்சியிலிருந்து உப்பு எடுக்க நடந்தபோது, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குத் தண்டனை உண்டு என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஊர்க்காரர்கள் யாரும் அவரோடு வாதிடவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் கட்டினார்கள் என்று மரத்தையா கேட்க முடியும்? வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், தம் கத்திக்கு முகம் காட்டி உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் எழுந்துகொண்டார். நீதிமன்றத்தில் நிறுத்தியபோதும் மீதியைச் செய்து முடிக்க மறுத்துச் சிறைக்குப் போனார். அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கையில் கூர்மையான கத்தி, அதற்குக் கீழே ஆட்சியின் கழுத்து. அவர் செய்ததோ கத்தியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்தது. ஆனால் அந்த ஆட்சிக்குச் சவரம் செய்யவும், சமைத்துப் போடவும், கணக்கு எழுதவும், வரி தண்டவும் நம் ஆட்களை விட்டால் வேறு ஆள் இல்லை என்பதை அன்று அந்த ஊரே கண்டுகொண்டது. ஒத்துழைப்பைத் திரும்பப் பெறுவது என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

இனி வெண்மணிக்கே திரும்புகிறேன். அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் அங்கே வந்து தங்கியவர்களில் கிருஷ்ணம்மாளும் அவருடைய கணவர் ஜெகந்நாதனும் இருந்தார்கள். கிருஷ்ணம்மாள் திண்டுக்கல் பக்கத்துத் தலித் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் நிலம் தானமாகக் கேட்டு நடந்த வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர் என்பதையும் நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; வெளியிலிருந்து வந்து உபதேசம் செய்துவிட்டுப் போனவர் அல்லர். பண்ணையாளுக்கு நிலம் இல்லாதவரை அவன் குடிசைக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே அவர் அங்கே கண்டது. 1981இல் தொடங்கிய உழுபவனின் நில உரிமை இயக்கம், அதாவது லாஃப்டி, செய்தது கேட்பதற்கு மிகச் சாதாரணமான காரியம்: நிலம் வைத்திருப்பவரையும் நிலம் இல்லாதவரையும் பேசவைத்து, நியாயமான விலைக்கு ஒப்புக்கொள்ளச் செய்து, வங்கிக் கடன் பெற்று, பெண்களின் பெயரில் பத்திரம் பதிந்து, உழைப்பால் கடனைக் கட்டவைப்பது. இதற்கு இடையில் மறியல், உண்ணாவிரதம், சிறை எல்லாம் இருந்தன. இப்படிச் சுமார் 13,000 குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. கிருஷ்ணம்மாளுக்கு 2008இல் கிடைத்த 'ரைட் லைவ்லிஹுட்' விருதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். பதிவாளர் அலுவலக வாசலில் அவர் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

வெண்மணி வழக்கில் முதல் குற்றவாளியாகச் சொல்லப்பட்டு விடுதலையான கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் வெட்டிக் கொல்லப்பட்டார். நீதி கிடைக்காதவர்கள் அன்று என்ன உணர்ந்திருப்பார்கள் என்பது எனக்குப் புரிகிறது, அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்தக் கொலையால் ஒரு குழி நிலம்கூட யார் பெயருக்கும் மாறவில்லை.

எல்லாம் வெற்றிக் கதை என்று நீ நினைத்துவிடக் கூடாது. தொண்ணூறுகளில் நாகை கடற்கரையோரம் இறால் பண்ணைகள் வந்து, நிலத்தடி நீர் உப்பாகி, வயல்கள் பாழானபோது அதே தம்பதியர் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. 2005இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் பலத்தைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. வென்றதைக் காவல் காக்க ஆள் இல்லாவிட்டால் அது கைநழுவிப் போகும். இந்த இடத்தில் எனக்கு இன்றும் மனம் கசக்கிறது.

அடுத்து நீ ஈழத்தைக் கேட்பாய். கேட்க வேண்டும். 1956 ஜூன் 5 அன்று கொழும்பு காலிமுகத்திடலில், சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களைக் கும்பல் அடித்தது. காவல்துறை பார்த்துக்கொண்டு நின்றது. 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகள் எனப்படும் மாவட்ட அரசு அலுவலகங்களின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து நிர்வாகத்தை ஸ்தம்பிக்கச் செய்தபோது, அவசரநிலையை அறிவித்துத் தலைவர்களைத் தடுப்புக்காவலில் வைத்தார்கள். 1987இல் நல்லூரில், ஆயுத இயக்கத்தைச் சேர்ந்த திலீபனே தண்ணீரும் அருந்தாமல் கிடந்து செப்டம்பர் 26 அன்று இறந்தார். கொழும்பு அரசு தமிழர்களின் வாக்கையோ உழைப்பையோ நம்பி ஆட்சியில் உட்காரவில்லை. தெற்கிலிருந்து போதிய குரலும் எழவில்லை. எதிராளிக்கு நம் தயவு தேவைப்படாத இடத்தில், மற்றவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அகிம்சை தோற்கும் என்பதை அங்கே கண்கூடாகக் கண்டோம். ஆயுதப் பாதை முள்ளிவாய்க்காலில் எப்படி முடிந்தது என்று காட்டி அந்த மக்களுக்குப் பாடம் நடத்தவும் நான் தயாரில்லை.

இந்தக் காலத்துக்கு அகிம்சை ஒத்துவருமா என்றால், 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்டங்களை ஆராய்ந்த எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், அறவழிப் போராட்டங்களில் 53 விழுக்காடும் ஆயுதப் போராட்டங்களில் 26 விழுக்காடும் வென்றதாகக் கண்டார்கள். துப்பாக்கி தூக்க இளைஞர்கள் சிலரால்தான் முடியும், வாசலில் உட்காரப் பாட்டியாலும் முடியும் என்பது அதற்கு முக்கியமான காரணம். அண்மை ஆண்டுகளில் அரசுகளும் சூழ்ச்சி கற்றுக்கொண்டதால் அந்த வெற்றி விகிதம் இறங்கியிருப்பதையும் செனோவெத்தே பின்னர் எழுதினார். டில்லி எல்லையில் 2020 நவம்பரில் வந்து உட்கார்ந்த விவசாயிகளை நீயே தொலைக்காட்சியில் பார்த்தாய். 2021 ஜனவரி 26 அன்று செங்கோட்டையில் நடந்த மோதலுக்குப் பிறகு ஒரே நாளில் அவர்கள் மீதான நல்லெண்ணம் ஆட்டம் கண்டது. மறுபடி சப்பாத்தி சுட்டு, கூடாரத்தைச் சீர்செய்து, பொறுமையாக உட்கார்ந்தவர்கள்தாம் நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறவைத்தார்கள். அதற்குள் 700 பேருக்கு மேல் இறந்துவிட்டதாக விவசாயச் சங்கங்கள் கணக்குச் சொல்கின்றன. அகிம்சையில் உயிர்ச்சேதம் இல்லை என்று உன்னிடம் எவராவது சொன்னால் நம்பாதே. அதைப் பேசுகிறவர் அந்த வலியில் தம் பங்கைச் சுமக்கிறாரா என்று மட்டும் பார். பேசுகிற எனக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

அன்று நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்த இடத்தில் நின்று நான் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கிருந்து வெளியே வந்து, வரப்பின் மேல் நின்று சொல்வேன். பொங்கலுக்கு நீ வரும்போது, நமக்குத் தெரிந்த ஒரு பாட்டியிடம் உன்னை அழைத்துப் போகிறேன். அவருடைய தாயார் பண்ணையில் நடவு நட்டவர். அந்தப் பாட்டியின் தகரப் பெட்டியில், சேலை மடிப்புக்குள், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பத்திரம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அவர், தம் பெயர் இருக்கும் வரி எது என்று மட்டும் விரல் வைத்துக் காட்டுவார். என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடமும் கேள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

அன்புடன்,
பெரியப்பா