அந்தியில் படகு எண்ணியவர்

மதுரை, நரிமேடு

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மீனாட்சியம்மையை வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய படகின் படத்தை நேற்று இரவு கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். இருபத்திரண்டு அடி பைபர் படகு, புதிதாக அடித்த நீல வண்ணம், பின்னால் பழைய அவுட்போர்டு என்ஜின், விலையும் குறைவு என்கிறாய். விடுமுறை நாட்களில் நீங்கள் இருவரும் தூத்துக்குடிக் கடலில் தூண்டில் போடப் போவதாகவும், மாதக் கடைசிக்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னாய். "அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வாள்" என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னதும் போனில் என் காதில் விழுந்தது. தொண்டியில் பிறந்து வளர்ந்தவள் தன் மகளைக் கடலுக்குப் போகாதே என்று சொல்ல மாட்டாள், பாப்பா. சொல்ல வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவை போனில் சொல்லி முடிகிறவை அல்ல என்பதால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை மேலூர்ப் பக்கத்துக்காரர். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்குகிற மீன்பிடித் திருவிழாவில், முழங்கால் சேற்றில் ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கைவிட்டு விராலைப் பிடித்து வளர்ந்தவர். மீன் இருக்கும் இடத்தை மோப்பம் பிடிக்கிற கண் அவருக்கு உண்டு என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கண்மாய்க்கு நான்கு பக்கமும் கரை தெரியும். கால் வழுக்கினால் எழுந்து நிற்கலாம். கரையில் நிற்கிற நூறு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடலில் இந்த மூன்றும் கிடையாது. மூன்றாவது இல்லாமற்போவது எப்படிப்பட்டது என்பதை 1998-ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில் நான் அறிந்தேன். உனக்கு அப்போது ஐந்து வயது. தொண்டியில் தாத்தா வீட்டுத் திண்ணையில் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

அதற்கு ஆறு மாதம் முன்பு உன் அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒரு பழைய பைபர் படகை வாங்கியிருந்தார்கள். பாதிப் பணம் அப்பாவுடையது. மதுரையில் மில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு, தொண்டிச் சாலையில் நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தால் தன் பெயரிலும் ஒரு படகு மணலில் கிடக்கிறது என்பது பெரிய சந்தோஷமாக இருந்தது. விற்றவர் நல்ல வெள்ளை வண்ணம் அடித்துக் கொடுத்தார். வண்ணத்தைப் பார்த்தார்கள், என்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார்கள், பணத்தைக் கொடுத்தார்கள். தொழிலுக்குப் போனால் என்ஜினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதற்கு அந்தக் கரையில் வழக்கம் உண்டு. படகைக் கழுவுவதற்கும், என்ஜினுக்கு நல்ல தண்ணீர் விடுவதற்கும் யார் பொறுப்பு என்று எந்தப் பங்கிலும் எழுதியிருக்கவில்லை. அப்பா வருகிற வாரங்களில் அது அப்பாவின் படகு, மாமா வலைக்குப் போகும் நாட்களில் அது மாமாவின் படகு. மற்ற நாளெல்லாம் அது யாருடைய படகாகவும் இல்லை.

அன்று பிற்பகல் இருவரும் ஊளி மீனுக்கும் பாறை மீனுக்கும் தூண்டில் போடக் கிளம்பினார்கள். பக்கத்தில்தான், விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவோம் என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். என்ஜின் நன்றாக ஓடும்போது பின்புறத்தில் ஒரு சிறு துளை வழியாகக் கடல்நீர் பென்சில் கனத்தில் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். குளிர்விக்கும் நீர் உள்ளே சுற்றுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே நீரை ஏற்றுகிற ரப்பர் விசிறி தேய்ந்து, நீர்வழியில் உப்பு அடைத்திருந்தது. தாரை நின்றுபோனதை இருவரும் கவனிக்கவில்லை. சூடேறி, பிஸ்டன் இறுகி, என்ஜின் நின்றது. கச்சானின் கடைசி நாட்கள் அவை. மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று கிழக்கு பார்த்த நம் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் என்பதால், கரையோரத்துத் தண்ணீர் தாம்பாளம் போலத் தட்டையாகத்தான் தெரியும். ஆனால் நின்றுபோன படகை அது வெளியே வெளியே என்று தள்ளிக்கொண்டே இருக்கும்.

உன் தாத்தாவுக்கு அப்போது கடலுக்குப் போகிற வயது தாண்டியிருந்தது. பாய்மர வத்தையில் நாற்பது வருடம் போனவர். தினமும் அந்தி நேரத்தில் கரைக்குப் போய், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்து, திரும்பிவரும் படகுகளை எண்ணுவார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. காலையில் எத்தனை போயின என்பதும் மாலையில் எத்தனை வந்தன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்தவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், சுவரில் மாட்டியிருந்த டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு திரும்பவும் வெளியே போனார். பத்து நிமிடத்தில் நான்கு வீட்டுக் கதவுகள் திறந்தன. எந்தத் திசையில் போனார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், எத்தனை லிட்டர் பெட்ரோல், நங்கூரக் கயிறு எவ்வளவு நீளம் என்று அவர்கள் கேட்ட கேள்விகளில் எனக்கு ஒன்றுக்குத்தான் பதில் தெரிந்தது. அந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

விடியும் நேரத்தில் இரண்டு படகுகள் அவர்களைக் கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தன. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். நான்கு பாகம் ஆழத்தில், அதாவது ஏறத்தாழ இருபத்துநான்கு அடியில், நங்கூரம் பிடித்துக்கொண்டது. உதடு வெடித்து, கண் சிவந்து இறங்கிய உன் அப்பா அன்று முழுவதும் பேசவில்லை. நீ இருக்கும் தூத்துக்குடி தென்கடல் பக்கம். மன்னார் வளைகுடா பாக்கு நீரிணையைவிட ஆழமானது. தண்ணீரின் ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது கயிறு இல்லாவிட்டால் நங்கூரம் தரையை உழுதுகொண்டு வருமே தவிரப் பிடிக்காது. ஆனி, ஆடியில் உங்கள் கரையிலும் கச்சான் அதே போலத்தான் நிலத்திலிருந்து வெளியே தள்ளும். கரையில் நின்று பார்த்து, கடல் அமைதியாக இருக்கிறது என்று அந்த மாதங்களில் முடிவு செய்யாதே.

மறுவாரம் மாமா அந்தப் படகின் பின்பலகையைச் சோதித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்ஜின் மாட்டுகிற பலகை வெளியே பைபராகத் தெரிந்தாலும் உள்ளே மரம்தான் இருக்கும். திருப்புளியின் கைப்பிடியால் ஓரத்திலிருந்து அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு வந்தார். ஓரத்தில் 'டொக், டொக்' என்று கெட்டியாகக் கேட்டது. என்ஜின் போல்ட்டுக்கு அருகில் வந்ததும் 'பொத்' என்று, நனைந்த துணி மூட்டையைத் தட்டுவதுபோல் கேட்டது. போல்ட்டைக் கழற்றினார். துளையிலிருந்து காபி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. விரலை விட்டு எடுத்தபோது, வடிகட்டியில் மிஞ்சிய தேயிலைத்தூள் போல மரம் கையோடு வந்தது. வெள்ளை வண்ணம் அதன் மேல்தான் அடிக்கப்பட்டிருந்தது. அன்று கடல் கொஞ்சம் கொந்தளித்திருந்தால் பலகை பிய்ந்து என்ஜினே கழன்று கடலில் விழுந்திருக்கும். நீ அனுப்பிய படத்தில் அந்த நீல வண்ணம் பின்பலகையில் மட்டும் மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக இருப்பதாக எனக்குப் படுகிறது. என் கண்ணாடியின் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

பதிவெண்ணையும் ஒப்பிட்டுப் பார். படகில் எழுதியிருக்கும் எண்ணும், மீன்வளத் துறை அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் எண்ணும், விற்பவரின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று நீயே நேரில் போய்ப் பார். தரகர் வாய்ச்சொல் போதாது. வாங்கிய பிறகு, கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது என்ஜினுக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட வேண்டும். களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிற அன்றுதான் உப்பு உள்ளே உட்காரும். பெட்ரோலை மூன்றாகப் பிரித்துக்கொள்: ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மூன்றாவது பங்கைத் தொடக் கூடாது.

தூண்டிலைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை என்றாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் பதினொரு வயதில் தாத்தா என்னை ஒரே ஒரு முறை வத்தையில் கூட்டிக்கொண்டு போனார். தங்கூசி என்கிற நைலான் நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் மட்டும் படும்படி வைத்துக்கொள்ளச் சொன்னார். இறுக்கிப் பிடித்தால் மீன் தொடுவது தெரியாது. ஈயம் தரையில் தட்டுவதும், நீவாடு, அதாவது நீரோட்டம், நரம்பை இழுப்பதும், இரண்டுக்கும் நடுவில் கிழங்கான் மீன் மெல்லக் கொத்துவதும் அந்த ஒரு கணுவில் வேறு வேறாகத் தெரிந்தன. ராடும் ரீலும் வாங்கியிருக்கிறீர்கள், நல்லதுதான். இருந்தாலும் ஒரு நாளாவது வெறும் கையால் போட்டுப் பார். ஓரா மீனைக் கையால் பிடித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றாதே. அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்திருந்தால் வலி இறங்கும். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு போவது டீக்கு மட்டுமில்லை.

விளமீனும் கலவா மீனும் பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, ஒட்டித்தான் கிடக்கும் என்று மாப்பிள்ளைக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பவளப் பாரின் மேல் நங்கூரத்தைப் போடாதீர்கள். மணலைத் தேடிப் போடுங்கள். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள இருபத்தொரு தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றில் அனுமதியின்றி இறங்கக் கூடாது. உங்கள் கரைக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் மூழ்கியே போய்விட்டது. சுண்ணாம்புக்காகப் பவளப் பாரை வெட்டி வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று. கரையை ஒட்டிய கடலில் பெரிய விசைப்படகுகள் தொழில் செய்யக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கி வைத்திருப்பது நாட்டுப்படகுக்காரர்களின் பிழைப்புக்காக. நீங்கள் தூண்டில் போடப் போவது அந்தத் தண்ணீரில்தான். மிதவை தெரிந்தால் சுற்றிப் போங்கள். உங்கள் என்ஜின் விசிறியில் ஒருவருடைய வலை சிக்கினால், கத்தியை எடுப்பதற்கு முன் அவர் வரும்வரை காத்திருங்கள். நமக்கு அது ஒரு நாள் பொழுது, அவருக்கு அந்த வலை மூன்று வருடக் கடனாக இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான அறுபத்தொரு நாள் தடை விசைப்படகுகளுக்கு உரியது. ஆனால் சினை மீன்களின் காலம் அது என்பதால், நீங்களாகவே தூண்டிலைச் சுருட்டி வைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். படகைக் கரையேற்றிப் பராமரிக்கவும் அதுவே தோதான நேரம்.

ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்பவே கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக்கடலில் எவ்வளவு வேகமாக உருவானது என்பதும், குமரி மாவட்டத்திலிருந்து போன எத்தனை பேர் திரும்பவில்லை என்பதும் உனக்குத் தெரியும். லைஃப் ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்ளுங்கள். தமிழகக் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கான 1093, இந்தியக் கடலோரக் காவல் படையின் 1554 ஆகிய இரண்டு எண்களையும் படகின் உட்புறத்தில் அழியாத மையில் எழுதி வையுங்கள். கரையிலிருந்து தள்ளிப் போகப் போக செல்போன் எடுக்காது என்பதால், கையில் வைத்துப் பேசும் வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவி ஒன்றையும் படகின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு.

இவ்வளவையும் நீங்கள் செய்துவிடுவீர்கள், இருவரும் பொறுப்பானவர்கள். நான் கேட்க நினைத்தது வேறு. அந்தப் படகைக் கட்டப் போகிற கரையில் உங்களுக்கு யாரைத் தெரியும்? அடுக்குமாடி வீட்டிலிருந்து காரில் போய் இறங்கி, படகைத் தள்ளிக்கொண்டு போய், மாலையில் மீன் பெட்டியோடு திரும்பிவிட்டால், வராத அன்று உங்கள் படகு குறைகிறது என்று யாருக்குத் தெரியும்? உடனே வாங்கிவிட வேண்டாம். வருகிற பங்குனி வரைக்கும் அங்குள்ள ஒரு நாட்டுப்படகுக்காரருடன், அவர் கேட்கிற கூலியைக் கொடுத்து, அவர் படகில் போங்கள். அவர் எப்போது திரும்புகிறார், எந்த மேகத்தைப் பார்த்துத் திரும்புகிறார் என்று கவனியுங்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடியுங்கள். கிளம்பும்போது, "இந்தப் பக்கம் போகிறோம், இத்தனை மணிக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போகவும், வந்ததும் "வந்துவிட்டோம்" என்று சொல்லவும் ஒரு வீடு அந்தக் கரையில் உங்களுக்கு அமையட்டும். அதன் பிறகு படகு வாங்கு. என் பங்காகப் பணமும் தருகிறேன்.

மாப்பிள்ளை முன்பணம் கொடுத்தே தீர வேண்டும் என்று நினைத்தால் அவரிடம் நானே பேசுகிறேன். எப்படியானாலும் அடுத்த சனிக்கிழமை காலை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மதியத்துக்குள் தூத்துக்குடி வந்துவிடுவேன். கரிமேட்டுக் கடையில் வாங்கிய முள்ளும் ஈயமும், தாத்தா நரம்பு சுற்றி வைத்திருந்த மரக்கட்டையும் என் பையில் இருக்கும். திருப்புளி மட்டும் நீ எடுத்து வை. பின்பலகையை நான் தட்டிப் பார்க்கிறேன்.

உன் அன்புள்ள,
அம்மா