நேர மாற்றமும் கைக்குழந்தையின் உறக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நவம்பர் மாத முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மணிக்கூடுகளை ஒரு மணிநேரம் பின்னகர்த்த வேண்டும் என்ற நினைவூட்டலை நீங்கள் அந்த வார இறுதி இதழில்தான் வெளியிடுகிறீர்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு அது ஒரு வாரம் பிந்திய செய்தி.

ஒரு மணிநேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று பெரியவர்கள் மகிழ்கிறார்கள். ஆனால், சனிக்கிழமைவரை காலை 6 மணிக்கு விழித்த பிள்ளை ஞாயிறன்று 5 மணிக்கே எழுந்து பாலுக்கு அழும். வெளிச்சத்தையும் இருளையும் பசியையும் கொண்டு நேரம் அறியும் உடலுக்கு அரசின் அறிவிப்பு எட்டுவதில்லை. சென்ற ஆண்டு நேரம் மாறிய மறுநாள், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா தம் வழக்கப்படி மாலை 4.30க்கு அழைத்தபோது இங்கு காலை 7 மணிக்குப் பதிலாக 6 மணி. அவரும் பேத்தியும் பழைய நேரத்திலேயே இருந்தார்கள்; மாறியவர்கள் நாங்கள்தாம்.

பிள்ளையின் உறக்கத்தை ஒரே இரவில் ஒரு மணிநேரம் தள்ளுவதைவிட, முந்திய செவ்வாய் தொடங்கி நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடமாகத் தள்ளுவது எளிது. இரவு உறக்கத்தை மட்டும் தள்ளிவிட்டுப் பகல் தூக்கத்தையும் உணவையும் பழையபடி விட்டால், களைத்த பிள்ளை மாலையில் அடம்பிடிக்கும் என்பதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். நேரம் மாறியபின் ரொறன்ரோவில் மாலை 5 மணியளவிலேயே இருட்டிவிடுவதால், உறங்கவைக்கும் வேளை நெருங்கும்வரை வீட்டு விளக்குகளை நன்றாக எரியவிட்டு, விடியற்காலை வெளிச்சம் படாதபடி அறையில் தடித்த திரையிடுவது உதவும். இரவு பகல் ஒழுங்கு இன்னும் படியாத, மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்கு இவை பெரும்பாலும் தேவைப்படா. தூக்க மருந்தைப் பரிந்துரைக்கும் உறவினர்களும் உண்டு. அதை வைத்தியரைக் கேளாமல் கொடுக்கலாகாது.

மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு மணிக்கூடு முன்னகரும்போது இதே வேலையை எதிர்த்திசையில் செய்ய வேண்டும். அப்போது திரையை விலக்கிக் காலை வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும்.

ஆகவே, இவ்விரு நினைவூட்டல்களையும் இனி ஒரு வாரம் முன்னதாக, குழந்தைகளைப் பற்றிய ஒரு வரியையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஸ்காபுறோ