பெயர் தெரியாது, கை தெரியும்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு உன் ஊருக்கே மாற்றல் கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். இனி பேத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பாள். இங்கே நாங்கள் நலம். அவருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, கோபம்தான் கட்டுக்குள் இல்லை.

"வாராவாரம் டான்ஸ் கிளாஸ் போய் அப்படி என்னதான்டி செய்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், சிரிக்காமல் படி.

டான்ஸ் கிளாஸ் என்றதும் சுற்றிலும் கண்ணாடி பதித்த ஹாலை நினைத்துக்கொள்ளாதே. இது நாலு பேர் நாலு காரியத்துக்குப் புழங்குகிற பொதுக்கூடம். பகலில் யாரோ கூட்டம் போட்டிருப்பார்கள். அவர்கள் எழுதியது பலகையில் பாதி அழிந்தும் அழியாமலும் கிடக்கும். முதலில் வருகிறவர்கள் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்க்க வேண்டும், கடைசியில் போகிறவர்கள் திரும்பப் போட வேண்டும். கண்ணாடி இல்லாதது எனக்குப் பெரிய நிம்மதி. வயிற்றை எக்கிக்கொண்டு நம்மை நாமே பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை மிச்சம்.

வாசலோரம் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்துதான் ஷூ மாற்றுவோம். ரப்பர் அடி தரையைக் கவ்விப் பிடிக்கும். பாதம் நின்றுவிட்டு உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அதனால் வழுவழுப்பான தோல் அடி போட்ட ஷூ ஆளுக்கொரு ஜோடி பையில் இருக்கும். வீட்டுக்கதை, ஆபீஸ் கதை எல்லாம் அந்த பெஞ்சில்தான் நடக்கும். சிலர் அதற்காகவே சீக்கிரம் வருகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

நாங்கள் ஆடுவது சால்சா என்கிற லத்தீன் அமெரிக்க ஜோடி நடனத்தில் ஒரு வகை, ருவேதா. ஜோடி ஜோடியாக வட்டம் கட்டி ஆடுவது. 1950களின் கடைசியில் கியூபாவின் ஹவானாவில், அங்கிருந்த மனமகிழ் மன்றங்களில் பிறந்ததாம். எட்டு வரை எண்ண வேண்டும், நாலிலும் எட்டிலும் அடி கிடையாது. புதிதாக வந்தவர்களை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்: கண் தரையில் இருக்கும், உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று முணுமுணுக்கும். அடுத்து என்ன அசைவு என்பதை ஒருவர் ஸ்பானிஷில் கூவுவார். பாட்டுச் சத்தத்தில் கேட்காவிட்டால் கைச்சைகை. "தாமே" என்று கூவினால், ஒவ்வொரு ஜோடியிலும் ஆட்டத்தை நடத்துகிறவர்கள், வழக்கமாக ஆண்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் ஜோடியை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட வேண்டும்.

அந்தக் கூடத்தின் சுபாவமே இந்தத் "தாமே"யால் வந்தது என்பேன். யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. கல்லூரிப் பையன், ரிட்டையரான பெரியவர், புருஷனோடு வந்தவள், தனியாக வந்தவள் எல்லாரும் கைமாறிக்கொண்டே இருப்பார்கள். "என்னோடு ஆடுகிறீர்களா" என்று கேட்கும் கூச்சமும் இல்லை, யாரும் கேட்கவில்லையே என்று சுவரோரம் நிற்கும் வேதனையும் இல்லை. பாதிப் பேரின் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது, கை தெரியும். ஒருவர் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேதான் கையை நீட்டுவார். ஒருத்தி கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பாள். அப்படிப் பிடித்தால் திரும்பும்போது மணிக்கட்டு முறுகும். விரல்களை மட்டும் லேசாக மடக்கிக் கொடுக்க வேண்டும், மற்றவர் கை அதற்குள் தானாகச் சுழல வேண்டும்.

பெண்கள்தான் எப்போதும் கூடுதல். அதனால் சிலர் நடத்துகிற பக்கம் போக வேண்டியிருக்கிறது, நானும் மாறிவிட்டேன். வீட்டில் சொன்னேன். "அங்கேயுமா?" என்றார்.

அப்படியும் ஆள் மிஞ்சினால், மிஞ்சியவர் வட்டத்தில் தன் இடத்திலேயே காற்றோடு ஆடுவார், அடுத்த "தாமே"யில் யாராவது வந்து சேரும்வரை. நடுவில் யாராவது தடம் மாறிப் போனால் மொத்த வட்டமும் சிதறும். ஜோடி இல்லாதவர்கள் கையைத் தூக்குவார்கள், தேடிக் கோத்துக்கொள்வார்கள். அப்போது கிளம்பும் சிரிப்பைத் தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்களோ.

எனக்குப் பிடிக்காததும் உண்டு. நாலு மாதம் மூத்த மாணவர்கள் ஆடிக்கொண்டே நமக்குப் பாடம் எடுப்பார்கள். ஆசிரியர் ஒருவர் போதாதா? ஜன்னல் சண்டை வேறு: திறந்தால் அக்கம்பக்கத்தாருக்குச் சத்தம், மூடினால் எங்களுக்கு வியர்வை. கடைசிக் கால்மணி நேரம் பாடம் கிடையாது, பாட்டு மட்டும். அது வேகமெடுத்தால் நிமிடத்துக்கு 200 தட்டுகூடப் போகும். அந்த நேரத்தில் மூத்தவர்களும் வாயை மூடிக்கொள்வார்கள், மூச்சு வாங்குவதால்.

எடை குறைந்ததா என்று கேட்காதே. இல்லை.

நீ இங்கே வரும்போது ஒருநாள் கூட்டிப் போகிறேன். உன் முழங்காலைப் பற்றி டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொள். அவர் சரி என்றால் வட்டத்தில் நில், நான் நடத்துகிறேன். ஆனால் ஒன்று, "தாமே" என்றதும் உன்னை விட்டுப் போய்விடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பேத்தியைப் பள்ளியில் சேர்த்த விவரமெல்லாம் விரிவாக எழுது.

உன் பழைய
முன்பெஞ்சுக்காரி