படிவம் இணையத்தில், வேலை இன்னும் கையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலும் கோவையிலும் நடுத்தர நிறுவனங்கள் பலவற்றில் ஊழியர்களுக்கான சுயசேவை போர்ட்டல்கள் திறக்கப்பட்டு வருகின்றன. புதுக் கணக்கு, மென்பொருள், கடவுச்சொல் என்று எது தேவைப்பட்டாலும் ஐ.டி. பிரிவுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம், போர்ட்டலில் பதிவு செய்தால் போதும் என்று சுற்றறிக்கை வருகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் கணினி நிர்வாகப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் பார்த்த போர்ட்டல்கள் பலவும் தானியக்கம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இல்லாதவை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

புதிதாகச் சேரும் ஒருவருக்குக் கணக்குத் தொடங்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். மனிதவளப் பிரிவினர் நீண்டதொரு படிவத்தை நிரப்பி அனுப்புகிறார்கள். கோரிக்கை வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் அறிவிப்பு வருகிறது, கோரிக்கையின் பதிவு எண்ணான டிக்கெட் எண்ணும் கிடைக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் படிவம் ஒரு மின்னஞ்சலாகி ஐ.டி. பிரிவின் பொது அஞ்சல் பெட்டியில் போய் விழுகிறது. அங்கே ஒருவர் அதைத் திறந்து, பெயரையும் ஊழியர் எண்ணையும் ஒவ்வொன்றாக நகலெடுத்து, ஊழியர்களின் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி என்ற மென்பொருளில் ஒட்டுகிறார். எந்தெந்தக் கோப்புறைகள் தேவை என்ற கட்டத்தில் ‘கணக்குப் பிரிவில் ஏற்கெனவே இருப்பவருக்கு என்ன உண்டோ அதையே கொடுக்கவும்’ என்று எழுதியிருக்கும். அந்த ஏற்கெனவே இருப்பவரோ மூன்று பிரிவுகளில் மாறி மாறி வேலை பார்த்து, போன இடத்திலெல்லாம் கிடைத்த அனுமதிகளைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பவர். அவை அத்தனையும் முதல் நாளிலேயே புதியவருக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. தொலைபேசியில் கேட்டிருந்தாலும் இதே வேலை இதே கையால்தான் நடந்திருக்கும். போர்ட்டல் கூடுதலாகச் சேர்த்தது ஒரு டிக்கெட் எண்ணை மட்டுமே.

இந்தக் கோரிக்கையை உண்மையிலேயே தானியக்கம் ஆக்குவதென்றால் திரையை வடிவமைப்பதற்கு முன்பே சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். ஊழியரின் பிரிவு, பதவி, மேலாளர் ஆகிய விவரங்கள் மனிதவளப் பிரிவின் தரவுத்தளத்திலிருந்து நேரடியாக வர வேண்டும். அவற்றை யாரும் மறுபடி தட்டச்சு செய்யக் கூடாது. எந்தப் பதவிக்கு எந்த அனுமதிகள் என்ற பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு கோப்புறைக்கு அனுமதி கேட்டால் அதற்கு ஒப்புதல் தர வேண்டியவர் அந்தக் கோப்புகளுக்குப் பொறுப்பான துறைத் தலைவரே தவிர ஐ.டி. பிரிவினர் அல்லர், அவர் விடுப்பில் இருந்தால் அடுத்து யார் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தற்காலிகத் தேவைக்குக் கொடுத்த அனுமதி குறித்த நாளில் தானாகவே நீங்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட மென்பொருள் சார்ந்த கேள்வி இல்லை. ஆனால் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறி நிற்பது இங்கேதான். ஏனென்றால் இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய துறைத் தலைவர்கள் போர்ட்டல் திட்டக் கூட்டங்களுக்கு வருவதில்லை.

முடிவுகள் தயாராகிவிட்டால் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பெரிய நிறுவனங்கள் சர்வீஸ்நவ் போன்ற கட்டணத் தளங்களை வாங்குகின்றன. சிறிய நிறுவனங்களுக்கு ஜிஎல்பிஐ, ரன்டெக் போன்ற திறமூல மென்பொருள்கள், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை, இருக்கின்றன. ரெட் ஹேட் நிறுவனம் 2017-இல் திறமூலமாக வெளியிட்ட ஏடபிள்யூஎக்ஸ் என்ற மென்பொருள், ஆன்சிபில் என்ற தானியக்கக் கருவிக்கு எழுதிய ஸ்கிரிப்டுகளை (கணினிக்கான கட்டளைத் தொகுப்புகளை) இணையப் படிவத்திலிருந்தே இயக்க வழி செய்கிறது.

இப்படி ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஸ்கிரிப்டை வைக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போர்ட்டல் எந்தக் கணக்கின் பெயரில் இயங்குகிறதோ அந்தச் சேவைக் கணக்குக்கு, நிறுவனத்தின் எல்லாக் கணினிகளையும் கணக்குகளையும் ஆளும் டொமைன் அட்மின் உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிடுவது இங்கு சர்வசாதாரணமாக நடக்கிறது. அந்த ஓர் இணையத்தளத்தில் ஓட்டை விழுந்தால் மொத்த நிறுவனமும் பறிபோகும். கடவுச்சொல் மாற்றும் போர்ட்டலுக்குக் குறிப்பிட்ட சில ஊழியர் பிரிவுகளின் கடவுச்சொல்லை மாற்றும் உரிமை இருந்தால் போதும். நிர்வாகிகளின் கணக்குகளை அது தொடவே முடியாதபடி இருக்க வேண்டும். படிவத்தில் பயனர் எழுதுவதை அப்படியே கட்டளையாகச் சேர்த்து இயக்கக் கூடாது. முடிந்தவரை பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டும். அவசரத்தில் ஒருவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு கணக்குகள் உருவாகக் கூடாது. யார் கேட்டார், யார் ஒப்புதல் தந்தார், என்ன மாறியது என்ற பதிவு அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும்.

எல்லை வகுக்காத கருவி என்ன செய்யும் என்பதை 2017 பிப்ரவரி 28 அன்று உலகம் பார்த்தது. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில், வடக்கு வர்ஜீனியா பகுதியில், கட்டணக் கணக்கீடு மெதுவாக நடப்பதைச் சரிசெய்ய முனைந்த பொறியாளர் ஒருவர் வழக்கமான செயல்முறைக் குறிப்பின்படியே சில சர்வர்களை விலக்கும் கட்டளையை இட்டார். அதில் கொடுத்த உள்ளீடு ஒன்று தவறிப்போக, நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலகின; எண்ணற்ற இணையத்தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. சேவைகளின் நிலையைக் காட்ட வேண்டிய பலகையே எஸ்3-ஐ நம்பியிருந்ததால் தொடக்கத்தில் அதைக்கூடப் புதுப்பிக்க முடியவில்லை. அதன்பின் அந்த நிறுவனம் கருவியையே மாற்றியது: சர்வர்களை மெதுவாகத்தான் விலக்க முடியும், குறைந்தபட்சத் தேவைக்குக் கீழே போகும் கட்டளையைக் கருவி ஏற்காது. தேர்ந்த பொறியாளரின் கையில் உள்ள கருவிக்கே இந்தக் கடிவாளம் தேவைப்பட்டதென்றால், எல்லா ஊழியர்களுக்கும் திறந்துவிடும் போர்ட்டலுக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடவுச்சொல் விவகாரத்துக்கு வருகிறேன். போர்ட்டல் என்றதும் முதலில் கைவைக்கப்படுவது இதுதான்; உதவி மையங்களை ஓயாமல் அலைக்கழிப்பதும் இதுதான். ஆனால் இத்தனை பேர் ஏன் கடவுச்சொல்லை மறக்கிறார்கள் என்ற கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும் என்ற விதி முக்கியமான காரணம். அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட், கடவுச்சொல் கசிந்ததற்கான அறிகுறி இல்லாதபோது காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017-லேயே வழிகாட்டிவிட்டது. அந்த விதியை எடுத்துவிட்டாலே கோரிக்கைகள் கணிசமாகக் குறையும். தேவையற்ற வேலையை நிறுத்துவதை விட்டுவிட்டு அதைத் தானியக்கம் ஆக்கச் செலவிடுவது வீண் செலவு. தணிக்கைக்காரர் கேட்பார் என்று பதில் வரும். தணிக்கைக்காரரிடம் அந்த வழிகாட்டுதலைக் காட்டலாமே!

மீதமுள்ள கோரிக்கைகளுக்குப் போர்ட்டல் நிச்சயம் பயன்படும், கேட்பவர் யார் என்பதை உறுதிசெய்தால். பிறந்த தேதியும் ஊழியர் எண்ணும் அடையாள அட்டையைப் பார்த்தவருக்கெல்லாம் தெரியும்; முன்பே பதிவு செய்த கைப்பேசிச் செயலி வழியாக உறுதிப்படுத்துவதுதான் முறை. கைப்பேசி தொலைந்துபோனவர் எப்படியும் உதவி மையத்தைத்தான் அழைப்பார். தாக்குபவரும் அந்த வழியையே தேடி வருகிறார். 2025-இல் பிரிட்டனின் சில்லறை வணிக நிறுவனங்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அந்நாட்டின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் தந்த அறிவுரைகளில் ஒன்று, உதவி மையங்கள் கடவுச்சொல்லை மாற்றித் தரும் நடைமுறையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்பதே. ஆகவே இரண்டு வழிகளுக்கும் ஒரே கண்டிப்பு வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூற்பாலை ஒன்றில் நான் பார்த்த போர்ட்டலில், பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிவிக்க வந்த கிடங்கு எழுத்தர் முதலில் ‘இன்சிடென்டா, சர்வீஸ் ரிக்வெஸ்டா’ என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முதலாவது ஏதோ பழுதடைந்தது என்ற புகார், இரண்டாவது புதிதாக ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை; இரண்டும் ஐ.டி. பிரிவின் சொந்தப் பாகுபாடுகள். அவருக்கு அவை எதற்கு? அவர் வாயில் ‘பிரிண்டர் ஓடலை’ என்று வருவதையே தமிழில் ஒரு பொத்தானாக வைத்து, வகைபிரிப்பதைப் பின்னால் இருக்கும் நிரல் பார்த்துக்கொண்டால் ஆயிற்று. தமிழில் திரை அமைப்பது இன்று பெரிய வேலையே இல்லை.

உதவி மையத்தில் இருக்கும் இளைஞர்கள் தங்கள் வேலை போய்விடுமோ என்று அஞ்சுவது நியாயமானதே. எந்தக் கோரிக்கை எந்த இடத்தில் சிக்கும், எந்தத் துறை எந்த விதிவிலக்கைக் கேட்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வரும் ஆலோசகர்களிடம் முழுவதையும் ஒப்படைத்துவிடாமல், அந்த ஸ்கிரிப்டுகளை எழுதவும் சோதிக்கவும் இவர்களைப் பழக்குவதே நிறுவனங்களுக்கு லாபம்.

கடைசியாக, மேலாண்மைக்குச் சமர்ப்பிக்கப்படும் அறிக்கைகளைப் பற்றி ஒரு கோரிக்கை. போர்ட்டலில் பதிவான டிக்கெட்டுகளின் எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டுவதை நிறுத்திவிட்டு, ஊழியர் கேட்ட நேரத்துக்கும் வேலை முடிந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியையும், மனிதக் கை படாமல் முடிந்த கோரிக்கைகள் எத்தனை என்பதையும், வேலையை விட்டுச் சென்றவர்களின் கணக்குகளில் எத்தனை இன்னும் மூடப்படாமல் கிடக்கின்றன என்பதையும் அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் போட வேண்டும்.

இப்படிக்கு,
கணினி நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.