டேபிளை நீக்குமுன் லாக் வரிசையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், தரவுத்தளத்தின் பழைய டேபிள்களை (அட்டவணைகளை) இரவில் தானாக நீக்கும் ஸ்கிரிப்ட் பற்றிய கட்டுரை வந்திருந்தது. ‘டிராப் டேபிள்’ கட்டளையோடு ‘இஃப் எக்ஸிஸ்ட்ஸ்’ (‘இருந்தால் மட்டும்’) சேர்த்துவிட்டால் போதும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். போதாது. டேபிள் ஏற்கெனவே இல்லையென்றால் பிழை வராது, அவ்வளவுதான். டேபிள் இருக்கிறது, அதை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டும் இருக்கிறார்கள் என்றால் அந்தச் சொற்களால் பயனில்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். டேபிளை நீக்க ‘ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்’ லாக், அதாவது வேறு யாரும் டேபிளைத் தொட முடியாதபடி போடும் பூட்டு, வேண்டும். தரவைப் படிக்கும் சாதாரண செலக்ட் கட்டளைகூட இதனுடன் ஒத்துப்போகாது. 20 நிமிடம் ஓடும் ரிப்போர்ட் ஒன்று அந்த டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால், டிராப் அது முடியும்வரை நிற்கும். நிற்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு செலக்டும் டிராப்பின் பின்னால் வரிசையில் நிற்க வேண்டிவரும். ரிப்போர்ட்டோடு அவற்றுக்கு எந்த மோதலும் இல்லை; நடுவே நிற்கும் டிராப்பைத் தாண்ட முடியாது என்பதுதான் காரணம். கொஞ்ச நேரத்தில் கனெக்‌ஷன்கள் தீர்ந்து, அந்த டேபிளைத் தொடாத பயனர்களுக்கும் இடம் கிடைக்காமல் போகும். பழி பெரும்பாலும் ரிப்போர்ட் மேல்தான் விழும்.

டிராப்புக்கு முன், அதே டிரான்சாக்‌ஷனில் (சேர்ந்தே நிறைவேறும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பில்), ‘செட் லோக்கல்’ மூலம் லாக்குக்காகக் காத்திருக்கும் நேரமான ‘லாக்_டைம்அவுட்’ மதிப்பை 2 விநாடியாக வையுங்கள். 9.3 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. நாம் எதுவும் வைக்காவிட்டால் மதிப்பு 0, அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். 2 விநாடிக்குள் லாக் கிடைக்காவிட்டால் 55பி03 என்ற பிழை வரும். ரோல்பேக் செய்து (செய்ததை ரத்துசெய்து), அரை நிமிடம் போல விட்டு மீண்டும் முயலலாம். இத்தனை முறைதான் என்று வரம்பும் வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இதற்கு ஈடான ‘லாக்_வெயிட்_டைம்அவுட்’டின் இயல்பு மதிப்பு 3,15,36,000 விநாடி. வகுத்துப் பாருங்கள், முழுதாக ஓராண்டு! அங்கே டிராப் கொடுத்ததுமே அதற்கு முன் செய்த மாற்றங்களும் கமிட் ஆகி நிலைத்துவிடும். ரோல்பேக்கை நம்ப முடியாது.

மீண்டும் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வருவோம். லாக் விழுவது நீக்கும் டேபிளில் மட்டுமல்ல. நாலு வரி உள்ள பழைய டேபிளிலிருந்து வாடிக்கையாளர் டேபிளுக்கு ஃபாரின் கீ (ஒரு டேபிளின் வரியை இன்னொன்றின் வரியோடு கட்டும் விதி) இருந்தால், வாடிக்கையாளர் டேபிளும் அதே கடுமையான லாக்கில் மாட்டும். ஃபாரின் கீக்காக அங்கே வைத்திருக்கும் ட்ரிகர்களையும் (தானாக ஓடும் சோதனைகளையும்) நீக்க வேண்டுமல்லவா? பெரிய டேபிளைப் பிரித்துவைத்த துண்டான பார்ட்டிஷனை நேரடியாக டிராப் செய்தால் தாய் டேபிளுக்கும் இதே கதி. 14ஆம் பதிப்பு முதல் ‘டிடாச் பார்ட்டிஷன் கன்கரன்ட்லி’ கொண்டு முதலில் பிரித்துவிட்டுப் பிறகு நீக்கலாம். பிரிக்கும்போது தாய் டேபிளில் படிப்பதும் எழுதுவதும் தடைபடாது. டிரான்சாக்‌ஷன் பிளாக்குக்குள் இது ஓடாது. வேறெதிலும் சேராத வரிகளுக்கான டீஃபால்ட் பார்ட்டிஷன் இருந்தாலும் ஓடாது.

டேபிள்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் செல்லும் நிரல்களுக்கு வேறொரு சிக்கல். பட்டியலில் இருந்த டேபிளை, நாம் போய்ச் சேருமுன் இன்னொருவர் நீக்கியிருக்கலாம். அப்போது வரும் ‘டேபிள் இல்லை’ என்ற 42பி01 பிழையைக் குறித்துக்கொண்டு அடுத்த டேபிளுக்குப் போவதே முறை. எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் அடைத்தால், அந்த ஒரு பிழையால் மற்றவையும் நின்றுபோகும். டேபிளுக்கு ஒரு டிரான்சாக்‌ஷன் போதும்; டேபிள்களைச் சுத்தம் செய்யும் ‘வேக்யூம்’ கட்டளையும் அப்படித்தான் செய்கிறது. டேபிளின் அளவைக் கேட்கும்போது பெயரைத் தராமல் அதன் உள் அடையாள எண்ணான ஓஐடியைத் தந்தால், நீக்கப்பட்ட டேபிளுக்குப் பிழைக்குப் பதில் ‘நல்’ (மதிப்பில்லை என்ற குறி) கிடைக்கும்.

காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குவது பலரின் வழக்கம். பார்த்ததற்கும் நீக்கியதற்கும் இடையில் யாரேனும் தரவை ஏற்றலாம். பழையதை மாற்றி அதே பெயரில் புது டேபிளே வைத்துவிடலாம். ஆகவே டிரான்சாக்‌ஷனின் முதல் வேலையாக, ‘லாக்_டைம்அவுட்’டை வைத்த கையோடு, ஸ்கீமா (டேபிள் இருக்கும் தொகுதி) பெயரோடு குறிப்பிட்டு, ‘லாக் டேபிள்’ மூலம் ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக்கை வாங்குங்கள். அதன் பிறகு சோதியுங்கள், பிறகு டிராப், பிறகு கமிட். தொடக்கம் முதல் முடிவு வரை தரவின் ஒரே காட்சியைக் காட்டும் ‘ரிப்பீட்டபிள் ரீட்’ நிலையில் லாக்குக்கு முன்பே ஒரு செலக்ட் ஓடியிருந்தால், சோதனை பழைய காட்சியையே காட்டும்.

இப்படிக்கு,
தரவுத்தள நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்