கயலுக்கு, படகு விஷயமாக

அங் மோ கியோ,
சிங்கப்பூர்

அன்புள்ள கயலுக்கு,

தாய்லாந்தின் புக்கெட்டில் வாடகைக்கு எடுக்கலாம் என்று நீ அனுப்பிய மூன்று படகுகளின் படங்களையும் பார்த்தோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கட்டில் விரிப்பு எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று நாலு தடவை சொல்லிவிட்டாள். எங்கள் 40வது கல்யாண நாளுக்காக மெல்போர்னில் இருந்துகொண்டு இவ்வளவு ஏற்பாடு செய்கிறாயே என்று அவளுக்குப் பூரிப்பு. எனக்கும்தான்.

"எது பிடிச்சிருக்குப்பா?" என்று போனில் கேட்டாய். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீ அனுப்பியதில் சோபா இருக்கிறது, மேல்தளம் இருக்கிறது, குளியலறைக் குழாய்கூட இருக்கிறது. ஆட்களைக் காணோம். கேப்டன் யார், எத்தனை வருடமாக அந்தக் கடலில் ஓட்டுகிறார், சமைப்பது யார், கயிறு பிடிப்பது யார் என்று ஒரு வரிகூட இல்லை. ஐந்து நாள் கடலில் நம்மை வைத்துக் காப்பாற்றப் போவது அவர்கள்தானே அம்மா. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் சொந்தத்தில் ஒருவருக்கு 50வது பிறந்தநாள் வந்தது. யாரென்று உனக்குத் தெரியும். லாசரஸ் தீவுக்குப் போய்வர நான்கு மணி நேரத்துக்குப் படகு எடுத்தார்கள். உனக்குப் படங்கள் வந்திருக்கும். நடந்ததை நான் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும். மேற்கே புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகளுக்கு மேலே வானம் கரியால் கோடு இழுத்த மாதிரி இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, சுமாத்ரா. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியற்காலையிலோ காலையிலோ, மலாக்கா நீரிணையைத் தாண்டி வரிசை கட்டி வருகிற காற்றுமழை. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடித்துவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். பொறுத்திருந்தால் போதும், வேறு வித்தை எதுவும் வேண்டாம்.

கேப்டனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "ஒரு மணி நேரம் இருந்து போகலாம் சார்" என்று சொல்லி, மழை ரேடார் படத்தைப் போனில் காட்டினான். நம்மவருக்குக் கோபம் வந்துவிட்டது. மணிக்கணக்கில் காசு கட்டியிருக்கிறேன், கேக் உருகுது, இந்தா இருக்கிற தீவுக்குப் போக என்ன பயம் என்று விருந்தாளிகள் முன்னால் சத்தம் போட்டார். அவன் தள்ளிப் போய் முதலாளியோடு போனில் பேசினான். திரும்பி வந்து எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்கச் சொன்னான். நானும் அங்கேதான் நின்றேன். 31 வருடம் இழுவைப் படகில் வேலை பார்த்து, செராங்காக, அதாவது படகை ஓட்டும் பொறுப்பாளனாக, ஓய்வு பெற்றவன். அடுத்தவர் வீட்டு விசேஷம், நமக்கு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு ஏறிவிட்டேன். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

பாதி வழியில் பிடித்துக்கொண்டது. பின்னால் செந்தோசாவையும் காணோம், முன்னால் குசு தீவையும் காணோம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் உன் அத்தை நாற்காலியோடு சரிந்து விழுந்தாள், மணிக்கட்டு பிசகிவிட்டது. முன்பக்கத்து மெத்தைகள் பறக்காமல் கட்டப் போன பையனுக்குக் கயிறு உருவி உள்ளங்கை உரிந்துவிட்டது. பத்தொன்பது வயதிருக்கும். எல்லாம் அடங்கி லாசரஸில் நங்கூரம் போட்ட பிறகு, அந்தக் கையில் டிஷ்யூவைச் சுற்றிக்கொண்டு எங்களுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தான். என் தட்டின் ஓரத்தில் சிவப்பாகப் பெருவிரல் பதிந்திருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கையைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டேன். "முதலாளியிடம் சொல்லிவிடாதீங்க அங்கிள்" என்றான்.

இப்போது புரிகிறதா நான் ஏன் ஆட்களைக் கேட்கிறேன் என்று?

முகவரிடம் நேராகக் கேள். கேப்டன் அந்தக் கடலில் எத்தனை பருவம் ஓட்டியிருக்கிறார்? நாம் போகும் வாரத்தில் வருவது அவரேதானா, கடைசி நேரத்தில் ஆள் மாற்றுவார்களா? கிளம்புவதற்கு முன்னால் அவரோடு பத்து நிமிடம் போனில் பேச முடியுமா? நாம் ஏழு பேர். அந்த அளவுப் படகுக்குக் கேப்டன், சமையல்காரர், ஒரு உதவியாள் என்று மூன்று பேராவது இருக்க வேண்டும். இரண்டு பேரை வைத்து ஓட்டுகிறோம், விலை குறைவு என்றால் வேண்டாம். ஒரே ஆள் பகலெல்லாம் ஓட்டி, நமக்குப் பரிமாறி, ராத்திரி காற்று திரும்பும்போது நங்கூரம் நகர்கிறதா என்று எழுந்து எழுந்து பார்த்தால், மூன்றாம் நாள் அவன் கண் எப்படி இருக்கும்? நான் அப்படி நின்றவன். தூங்காதவன் கையில் கயிறு எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும்.

அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்றும் கேள். நீ அனுப்பியதில் இரண்டாவது படகு கட்டமரான், நம் கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து போன பெயர்தான். அந்த வகையில் முன்மூக்கு இரண்டுக்குள்ளும் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு அறை வைத்திருப்பார்கள், மேலே ஒரு மூடியைத் திறந்து ஏணியில் இறங்க வேண்டும். அங்கே காற்று வர வழி இருக்கிறதா, மின்விசிறியாவது இருக்கிறதா? இதைக் கேட்கிற வாடிக்கையாளர் குறைவு. நீ கேட்டால், எப்படிப்பட்ட ஆட்கள் வருகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும்.

இடம் விஷயத்தில் நீ செய்தது சரி. முதலில் மலேசியாவின் தியோமான் தீவு என்றாயே, தை மாதத்தில் அந்தப் பக்கம் போகவே கூடாது. வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து நேராக வந்து மோதுகிற கரை அது. தங்கும் விடுதிகளே முக்கால்வாசி மூடிவிடுவார்கள். புக்கெட்டோ மலாய்த் தீபகற்பத்துக்கு மறுபக்கம், அந்தமான் கடலில் இருக்கிறது. நடுவில் நிலமும் மலையும் காற்றைத் தடுத்துவிடுவதால் இங்கே நமக்கு மழை கொட்டுகிற மாதங்களில் அங்கே வெயில் அடிக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே நல்ல காலம். மே வந்தால் தலைகீழ்.

பாதையை மட்டும் நீயே மணிக்கணக்குப் போட்டு எழுதாதே. பாங் ஙா வளைகுடாவில் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு உள்ளே குடைந்த மாதிரி இடங்கள் உண்டு, ஹோங் என்பார்கள், தாய்லாந்து மொழியில் அறை என்று பொருள். நீர் மட்டம் சரியாக இருக்கிற நேரத்தில்தான் சின்னத் தோணியில் குகை வழியாக உள்ளே நுழைய முடியும். ஏற்றம் வந்தால் வாசல் மூடிக்கொள்ளும். காலை பத்து மணிக்கு ஹோங், பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்று நாம் எழுதினால் கடல் கேட்காது. பார்க்க ஆசைப்படுகிற இடங்களை மட்டும் சொல். எதை எந்த நாள் என்று கேப்டன் வைக்கட்டும். பீ பீ தீவுகள் கூட்டம் என்று அவர் சொன்னால் விட்டுவிடலாம். தூண்கள்மேல் வீடு கட்டி வாழ்கிற பன்யீ என்ற மீனவக் கிராமத்தைப் பார்க்க எனக்கு ஆசை. முஸ்லிம் ஊர், தோள் மூடின உடையில் போக வேண்டும், சின்னவளிடம் இப்போதே சொல்லிவை.

பணம். இங்கே மரீனா படகுத்துறையில் வேலை பார்க்கிற பழைய நண்பரிடம் கேட்டேன். பெரிய படகுகளில் வாடகை வேறு, செலவு வேறாம். வாடகையில் 25 முதல் 35 விழுக்காடு அளவுக்குத் தனியே முன்பணமாக வாங்கி, எரிபொருள், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாவற்றையும் கேப்டன் அதிலிருந்து கொடுப்பார். மிச்சத்தைக் கணக்கோடு திருப்பித் தருவார். சின்னப் படகுகளில் சாப்பாட்டையும் சேர்த்தே விலை சொல்வதுண்டு. உன்னுடையது எது என்று ஒப்பந்தத்தில் பார். காப்புறுதி யார் பேரில் என்றும் பார். அப்புறம் விருப்பப் படிவம் என்று ஒன்று அனுப்புவார்கள், அதை அவசரமாக நிரப்பாதே. அம்மா வெள்ளிக்கிழமை மாமிசம் சாப்பிடமாட்டாள், மாப்பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, பேரனுக்கு நீச்சல் தெரியாது, அவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வேண்டும். எல்லாவற்றையும் எழுது. சமையல்காரர் கரையிலேயே வாங்கி ஏற்ற வேண்டும், நடுக்கடலில் கடை கிடையாது.

அம்மாவின் முழங்காலை நினைத்துதான் எனக்குக் கவலை. தீவில் படகு நேராக ஒட்டாது. பின்பக்கப் படியிலிருந்து ரப்பர்த் தோணியில் இறங்கி, கரைக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். பின்படி அகலமா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று பார். அதனால்தான் நான் கட்டமரானைச் சொல்வேன், அது பாய் விரித்தாலும் அவ்வளவாகச் சாயாது. குமட்டல் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும், வாந்தி வந்த பிறகு கொடுத்தால் வீண். இஞ்சி மிட்டாய் நான் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்கிறேன். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், மடிக்கிற துணிப்பைதான், படகில் பெட்டி வைக்க இடம் இருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும். உன் தாத்தா ராஜுலா கப்பலில் மேல்தளத்துப் பயணியாக நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். கப்பலில் யாருக்கோ அம்மை கண்டுவிட்டது என்று எல்லாரையும் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கித் தடுத்து வைத்துவிட்டார்கள். 1874இலிருந்து அங்கே அந்த வேலைதான் நடந்தது. இரண்டு வாரம் கொட்டகையில் கிடந்தாராம். அவர் அடிக்கடி சொன்னது கொட்டகையைப் பற்றி இல்லை. கப்பலில் கடல் பொங்கின ராத்திரி, பெயர் தெரியாத கப்பல் வேலையாள், ஒரு கலாசி, அவரைத் தூணோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டுப் போனதைத்தான் சொல்வார். அந்த ஆளுக்கு ஒரு வெற்றிலை கூடக் கொடுக்கவில்லையே என்று சாகிறவரை வருத்தப்பட்டார்.

கடைசி நாள் வேலையாட்களுக்கு அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். வாடகையில் பத்து விழுக்காடு என்று நண்பர் சொன்னார், உறையில் போட்டுக் கேப்டன் கையில் கொடுத்தால் பிரித்துக்கொள்வார்கள். படகுக்கு நீ காசு கட்டுகிறாய், நான் தடுக்கவில்லை. அந்த உறை மட்டும் என்னுடையது. அலமாரியில் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், நீ அதில் தலையிடாதே.

கேப்டன் பெயர் தெரிந்ததும் எழுது. பொங்கல் முடிந்து கிளம்பலாம்.

அன்புடன்,
அப்பா