எரியும் பாதமும் ஐஸ் வாளியும்: வெளிநோயாளர் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தின் வெளிநோயாளர் பிரிவுகளிலும் கிளினிக்குகளிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும்,

வணக்கம்.

கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் மாதங்களில் "கால் எரியுது" என்று வருபவர்கள் உங்களுக்குப் புதியவர்கள் அல்லர். பெரும்பாலும் நீரிழிவுதான் காரணமாக இருக்கும். மிகச் சிலருக்கு மட்டும் அது எரித்ரோமெலால்ஜியா, அதாவது பாதம் விட்டுவிட்டுச் சிவந்து எரியும் ஓர் அரிய வருத்தம். பகலில் கிளினிக் கதிரையில் பார்த்தால் பாதத்தில் ஒன்றுமே தெரியாது. அந்திக்குப் பிறகு சிவந்து, வீங்கி, கொதிக்கும். பலருக்கு ஆண்டுக்கணக்கில் இது பிடிபடாமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

ஆகவே எரியும் நேரத்தில் போனில் படம் எடுத்துவரச் சொல்லுங்கள். நம்மவர்களின் கருந்தோலில் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்க்க வீட்டாருக்குக் காட்டிக்கொடுங்கள். பிறகு ஒரு கேள்வி: "காலை எங்கே வைத்தால் சுகம்?" வெறும் சீமெந்துத் தரை, பேன் காற்று, தண்ணீர் வாளி என்று பதில் வந்தால், சப்பாத்து, நடை, நெடுநேரம் நிற்றல், போர்வை ஆகியவற்றால் கூடுகிறதா என்றும் கேளுங்கள். ஒரு காலில் மட்டும் சிவப்பு, காய்ச்சல், ராத்திரி பகல் மாறாத வீக்கம் என்றால் அது தோல்தொற்றாக இருக்கலாம். எரித்ரோமெலால்ஜியா பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், வந்து போகும். அன்ரிபயோட்டிக் எத்தனை தரம் கொடுத்தாலும் பலன் இராது.

அடுத்தது முழுக் குருதிப் பரிசோதனை. இதைத் தவிர்க்க வேண்டாம். குருதிச் சிறுதட்டுக்கள் மைக்ரோலீற்றருக்கு 450,000க்கு மேல் நின்றாலோ, ஹீமோகுளோபின் அளவுக்கு மீறி இருந்தாலோ எலும்பு மச்சையில் வேறொரு வருத்தம் ஒளிந்திருக்கலாம். பாத எரிவு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தலைகாட்டுவதுண்டு. எனவே இன்று சரியாக இருந்தாலும் பரிசோதனையை இடைக்கிடை திரும்பச் செய்யுங்கள். இந்த வகைக்குக் குறைந்த அளவு அஸ்பிரின் ஆச்சரியமாக வேலை செய்யும். ஆனால் சிறுதட்டுக்கள் 10 இலட்சத்தைத் தாண்டியிருந்தால் குருதிக்கசிவு ஆபத்து உண்டு. முதலில் குருதியியல் நிபுணரிடம் அனுப்புங்கள். காய்ச்சல் வந்த அன்றே அஸ்பிரினை நிறுத்திவிட்டு வரவேண்டும் என்பதையும் சொல்லுங்கள். டெங்கு உள்ள ஊர் இது, டெங்கில் அஸ்பிரின் குருதிக்கசிவைக் கூட்டும்.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் நிபெடிபின் போன்றவை சிலருக்கு இந்த எரிவைக் கிளப்பும்.

சிறுவயதிலேயே தொடங்கி, குடும்பத்தில் வேறொருவருக்கும் இருந்தால் அது பரம்பரை வகை. நரம்பின் சோடியம் வாயிலை ஆளும் எஸ்.சி.என்.9ஏ மரபணுவின் மாற்றமே காரணம் என்று 2004இல் கண்டறிந்தார்கள். இவர்களுக்கு அஸ்பிரின் பெரும்பாலும் உதவாது. கபாபென்ரின், மெக்சிலெட்டின், லிடோகெயின் பூச்சு என்று நிபுணரின் கண்காணிப்பில் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டி வரும்.

இனி வாளி விஷயம். ஐஸ் தண்ணீரில் வைத்தவுடன் எரிவு அடங்கும். வெளியே எடுத்தால் குருதிக்குழாய்கள் முன்னையிலும் விரிந்து திரும்ப எரியும், திரும்ப வைப்பார்கள். இப்படியே விடியும். தோல் ஊறி வெடிக்கும், புண்ணாகும், கிருமி ஏறும், சில பாதங்களில் சதை கருகும். வாளியைப் பற்றிக் கேட்காமல் புண்ணை மட்டும் கழுவிக் கட்டினால் அது ஆறாது. "வைக்காதே" என்று மட்டும் சொல்லியும் பயனில்லை, அந்த வலி அப்படி. மாற்று வழி கொடுங்கள்: காலை இரண்டு தலையணைமேல் உயர்த்தி, பேனைச் சற்றுத் தள்ளி வைப்பது, தண்ணீர்தான் வேண்டுமென்றால் ஐஸ் இல்லாத குழாய்த் தண்ணீர், 10 நிமிடத்துக்குமேல் வேண்டாம், விரலிடுக்கு ஈரம் போகத் துடைப்பது. கன்னியா ஊற்றின் வெந்நீர் இவர்களுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய். கோணேசரைக் கும்பிடப் போவதென்றால் கல் சூடேறுமுன், விடியற்காலையில் போகச் சொல்லுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக்குப் பதிலாகத் திறந்த செருப்பு அணிய அனுமதி கேட்டு ஒரு மருத்துவக் கடிதம் எழுதிக் கொடுங்கள். அதிபர்மார் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து